நான் கேட்ட வெயில்

விண்கப்பலை மாடு நக்கிவிட்டது என்றுதான் முதல் நாள் காலையிலேயே சத்தம். பிளைவுட்டில் சட்டம் அடித்து, அதன்மேல் பேப்பரும் மைதாப் பசையும் ஒட்டி, வெள்ளி பெயிண்ட் பூசி நிறுத்தியிருந்த கப்பல் அது. பசை காயாத பக்கமாகப் பார்த்து, மேய வந்த மாடுகள் ஆள் உயரத்துக்கு நக்கி எடுத்திருந்தன.

"ஏலே, இது வேற கெரகத்துக்குப் போற கப்பல்லே, மாட்ட ஓட்டு!" என்று லைட் தூக்குகிற ஆள் ஒருவர் கத்தினார்.

மாட்டுக்காரர் அசையவில்லை. "கெரகத்துக்குப் போறதுன்னா வெரசா போகச் சொல்லுங்க. எதுக்கு எம் மாடு மேயுற எடத்துல கெடக்கு?"

எல்லோரும் சிரித்தோம். அந்த வேலையில் நான் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அதனால் அதிலிருந்தே எழுதத் தொடங்குகிறேன்.

நான் அட்டுவம்பட்டியில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள். ஸ்கூல் யூனிஃபார்ம், வேதக்கோவில் பாடகர் குழுவுக்கு அங்கி, சீசன் நேரத்தில் லாட்ஜுகளுக்குத் திரைச்சீலை, இதுதான் தொழில். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். காலையில் எழுந்ததும் முழங்கால் போட்டு ஜெபிக்காமல் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்குகிற ரோட்டில், வடகவுஞ்சிக்குப் போகிற வழியில், ஒரு பட்டா புல்வெளியை வாடகைக்கு எடுத்து ஒரு சினிமா கம்பெனி வந்திறங்கியது. அவர்களுடைய காஸ்ட்யூமருக்கு உள்ளூரில் தைக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டு என்னைக் கூட்டிப் போனார்கள். அதே கம்பெனிக்குச் சாப்பாடு ஏற்றி வர என் வீட்டுக்காரர் வேனையும் பேசிவிட்டார்கள். சீசன் முடிந்து வண்டி சும்மா நின்ற நேரம். கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று ஸ்தோத்திரம் சொன்னோம்.

கதையை எனக்குச் சொன்னவர் காஸ்ட்யூமர்தான். பூமியிலிருந்து ஒரு கப்பல் வேறொரு கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஆள்கிறவர்கள் பச்சைத் தோல்காரர்கள். நம்மைப் போலவே இருக்கிற சனங்களை அடிமையாக வைத்து மண்ணைத் தோண்டி ஏதோ கல் எடுக்கச் சொல்கிறார்கள். கப்பல்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு; அடுத்த கிரகத்துக் காரியத்தில் தலையிடக் கூடாது. கேப்டன் அந்தச் சட்டத்தை மீறி அடிமைகளை அவிழ்த்து விடுகிறான்.

"அம்புட்டுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"நடுவுல லவ் இருக்கும்மா" என்றார்.

பச்சைத் தோல்காரர்களாக நடித்தவர்கள் மதுரைப் பக்கத்து ஜிம் பிள்ளைகள். ரப்பர் முகமூடிக்குள் மூச்சு முட்டி, ஷாட் முடிந்ததும் முகத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிப்பார்கள். அடிமைகளுக்கான துணிதான் என் பொறுப்பு. காடாத் துணியை டீ டிக்காஷனில் ஊற வைத்துக் காயப்போட்டு, செங்கல் பொடி தேய்த்து, அங்கங்கே கிழித்து, கிழிந்தது மேலும் கிழியாமல் உள்பக்கம் தையல் போட வேண்டும். கழுத்துக்கு ஒரு கறுப்பு வளையம். ஸ்பாஞ்சில் செய்து உள்ளே சின்னச் சிவப்பு லைட் வைத்தது. அது விட்டு விட்டு எரியும். ஓடும்போது கழன்று விழாமல் இருக்க, தினமும் காலையில் ஒவ்வொரு ஆள் கழுத்திலும் மாட்டிப் பின்னால் இரண்டு தையல் போடுவேன். சாயங்காலம் வெட்டி எடுப்பேன்.

அடிமையாக நடிக்க டவுனிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். லாட்ஜில் வேலை பார்க்கிறவர்கள், பழக்கடைக்காரர்கள், எங்கள் கோவில் வாலிபர் கூட்டமே ஒரு வேனில் வந்தது. டைரக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவங்கள்லாம் நல்லா சாப்புட்ட முகமா இருக்காங்களே. வெயில்லயும் மழைலயும் அடிபட்ட முகம் வேணும்" என்று ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டிடம் சொன்னார்.

மறுநாள் ஏஜெண்ட் ஒரு டிப்பர் லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். கீழே ஒரு பெரிய தோட்டத்தில் வேலை செய்கிற சனம். கூடவே தோட்டத்து மேனேஜர் தன் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். கேட்பதற்கெல்லாம் "ஆகட்டும் சார்" என்பார். ஆட்களை வரிசையாக உட்கார வைத்தார், டைரக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். "இது... இதுதான் நான் கேட்டது" என்று சந்தோஷமாகச் சொன்னார். மேனேஜருக்கு மானிட்டர் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த வரிசையில்தான் அந்தத் தங்கச்சி இருந்தாள். அவள் பேர் எனக்குத் தெரியும். பேரை எங்கேயும் எழுதக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அது சரிதான்.

கழுத்தில் வளையம் மாட்டித் தைக்கும்போது ஊசி பட்டுவிடக் கூடாதே என்று எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தைப்பேன். அவள் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது நாள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"அக்கா, பழனி பஸ்ஸு இந்த ரோட்லதான் போகுமா?"

"இதே ரோடுதான். ஏன் தாயி, நீ போனதில்லையா?"

"தோட்டத்துக்குள்ளயே பொறந்து வளந்தேன் அக்கா. பஸ்ஸு சத்தம் மட்டும் கேக்கும்."

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிற இதே மலையில், பஸ் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருத்தி.

அதற்குப் பிறகு தினமும் தையல் போடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னாள். அவள் தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த சனம். வேலை கொடுத்து, லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு வீடும் கொடுத்தார்கள். அப்போது வந்து இறங்கியதுதான், இன்றுவரை யாரும் வெளியே போகவில்லை. ரேஷன் கார்டெல்லாம் மேனேஜர் கையில். புருஷன் மரம் சாய்ந்து செத்துப் போனான். ஒரே மகள். அவளைப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லித் தோட்டத்து முதலாளி பழனியில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?"

"பள்ளிக்கூடம் ஏது அக்கா. பாத்திரம் வெளக்குது. முன்னெல்லாம் பொங்கலுக்குக் கூட்டியாந்து காட்டுவாங்க. போன பொங்கலுக்குக் காட்டல. கேட்டா, 'ஒழுங்கா வேலையப் பாரு, பிள்ள நல்லா இருக்கும்'ங்குறாங்க தொரை."

மேனேஜரைத் தொரை என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

"வீடு எங்கனு தெரியுமா?"

"பிள்ள சொல்லிச்சு. கேட்டுல ரெண்டு சிமிண்ட் யானை இருக்குமாம். மாடில துணி காயப் போடுறப்ப கோயில் மலை நேரா தெரியுமாம்."

ஐயரிடம் சொல்லி ஆபீசர்களைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

"ஏலாது அக்கா. ஆபீசர் வந்தா மொதல்ல பிள்ளையத்தான் வேற எங்கயாச்சும் ஒளிப்பாங்க. நான் போயி பிள்ள கையப் பிடிச்சிட்டேன்னா அப்புறம் யார வேணா கூப்புடு. மொதல்ல பிள்ள."

அதில் ஒரு தாயின் கணக்கு இருந்தது.

அவளை நம் வேனில் பழனிக்குக் கொண்டுபோய் விடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நமக்கெதுக்கு இந்தச் சோலி? துணி தைக்கப் போனியா, தோட்டத்துக்காரன்கிட்ட மல்லுக்கட்டப் போனியா?" என்றார். மறுநாள் குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடு, "அந்த மேட்டுக்குப் பின்னாடி ரோடு வளையுதுல்ல, அங்க வண்டிய நிறுத்துனா இந்தப் பக்கத்துலருந்து தெரியாது" என்றார்.

இடத்தை அவர்தான் கண்டுபிடித்தார். ஷூட்டிங் நடக்கிற சரிவுக்கு மேலே ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் பழனி ரோடு. இந்தப் பக்கம் மெயின் ரோட்டு வாசலில் மேனேஜரின் ஆட்கள் இரண்டு பேர் டிப்பரோடு எப்போதும் நிற்பார்கள். சாப்பிடும்போதுகூட தோட்டத்து சனத்தைத் தனியாகத்தான் உட்கார வைப்பார்கள். மேட்டுப் பக்கம் காவல் கிடையாது. அந்த ஏற்றத்தில் சும்மா யாரும் ஓட மாட்டார்கள்.

ஆனால் படத்தில் ஓட வேண்டும். கேப்டன் கயிற்றை அறுத்ததும் அடிமைகள் எல்லோரும் அந்தச் சரிவில் சிதறி மேலே ஓடுகிற மாதிரி ஒரு காட்சி இருந்தது. எல்லோரும் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்பார்கள். அவள் மட்டும் நிற்காமல் போய் மேட்டைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் சாப்பாட்டு வேன். மேனேஜர் சுதாரித்து ரோட்டைச் சுற்றி வருவதற்குள் வண்டி பல வளைவு இறங்கியிருக்கும். இதுதான் திட்டம். சொன்னபோது அவள் முகத்தில் பயம்தான் தெரிந்தது, சந்தோஷம் இல்லை. "பஸ்ஸுல வாந்தி வரும்பாங்களே, வேன்லயும் வருமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் காட்சியை எடுக்க முடியவில்லை. மூடுபனி. கை நீட்டினால் கை தெரியாது. கிட்டத்தில் வைத்து எடுக்கிற காட்சிகளையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனாக நடித்த தம்பி நல்ல பிள்ளை. வெள்ளி ஜாக்கெட்டுக்குள் குளிரில் பல் கிட்டும். "கயிறு ரொம்ப இறுக்கமா இருக்காக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேட்பான். பிறகு லைட் எரிகிற துப்பாக்கியைக் கயிற்றில் வைத்து, "இனி நீங்க யாருக்கும் அடிமை இல்லை" என்று சொல்வான். கயிறு விழும். இவர்கள் நாலு எட்டு ஓடுவார்கள்.

"கட்! ஒன் மோர்!"

திரும்பி வருவார்கள். திரும்பக் கட்டுவார்கள். திரும்ப, "இனி நீங்க யாருக்கும் அடிமை இல்லை."

தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பொக்கை வாயோடு சிரித்தார். "தெனம் இப்பிடி அவுத்து விட்டா ஒடம்புக்கு நல்லதுதான் போல." மேனேஜரும் நாற்காலியில் இருந்து சிரித்தார். எனக்கு அவள் திரும்பி வருகிற நடையைப் பார்க்க முடியவில்லை. கூப்பிட்டதும் வருகிற அந்தப் பழக்கம் அவள் கால்களிலேயே இருந்தது. நிஜமாக ஓட வேண்டிய அன்றைக்கும் யாராவது 'கட்' என்று சொன்னால் இவள் நின்றுவிடுவாளோ என்று பயந்தேன்.

"என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாத தாயி. யார் கூப்பிட்டாலும் திரும்பாத" என்று தையல் போடும்போது சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பனி விலகவில்லை. கம்பெனிக்காரர்கள் இன்னும் ஓரிரு நாளில் அந்தக் காட்சியைக் கைவிட்டு வேறு ஊரில் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நான் உபவாசம் இருந்தேன். தைத்துக்கொண்டே, நடந்துகொண்டே, ஒரே ஜெபம். ஆண்டவரே, வெயிலைத் தாரும். ஒரு பகல் மட்டும் தாரும். சமுத்திரத்தைப் பிளந்தவருக்குப் பனியை விலக்குவது பெரிய காரியமா? இந்தப் பிள்ளைக்கு வழியைத் திறந்துவிடும்.

கர்த்தர் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடிந்து கதவைத் திறந்தபோது மலை முழுக்கப் பொன்னாக இருந்தது. ஒரு துணுக்குப் பனி இல்லை, காற்றுகூட இல்லை. யூக்கலிப்டஸ் இலை அசையவில்லை. வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

புல்வெளிக்குப் போனபோது கம்பெனியே கொண்டாட்டத்தில் இருந்தது. டைரக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு, "காத்தும் இல்ல. ஹெலிகேம் ஏத்திரலாம்!" என்றார்.

ஹெலிகேம் என்றால் பறக்கிற கேமரா. கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், தலைக்கு மேலே வண்டு மாதிரி இரையும். பனியாலும் காற்றாலும் இத்தனை நாள் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது நேராக மேலே போய் ஊரைப் படம் பிடிக்கும் என்று நினைத்தேன். அவள் கழுத்தில் வளையத்தை மாட்டி இரண்டு தையல் போட்டேன். "கர்த்தர் முன்னால போறார், பயப்படாத" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேன் ஏற்கெனவே சாப்பாட்டை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் மானிட்டருக்குப் பின்னால், துணி மூட்டை பக்கத்தில் நின்றேன். மேனேஜர் தன் நாற்காலியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். கேப்டன் கயிற்றை அறுத்தான். வசனத்தைச் சொன்னான். எல்லோரும் ஓடினார்கள். பெரியவர்கள் பத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் பாதி ஏற்றத்தில் நின்றார்கள். அவள் நிற்கவில்லை. துணியை ஏற்றிச் செருகிக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். டீ நிறத் துணியும் புல்லும் ஒரே நிறமாக இருந்ததால் கழுத்து லைட் மட்டும் மினுக் மினுக்கென்று மேலே போவது தெரிந்தது.

"கட்" என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"யாருப்பா அந்தம்மா? என்னா ஓட்டம்! கட் பண்ணாத, கட் பண்ணாத. ஃபாலோ பண்ணு, அவங்கள ஃபாலோ பண்ணு!" என்று டைரக்டர் எழுந்து நின்று கத்தினார்.

ஹெலிகேம் இரைந்துகொண்டு அவள் பின்னாலேயே போனது. மானிட்டரில் அவள் முதுகு பெரிதாகத் தெரிந்தது. மேட்டின் உச்சியில் அந்த இரைச்சலைக் கேட்டு ஒரு கணம் நின்று தலையைத் திருப்பி அண்ணாந்து பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் இறங்கினாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவள் மறைந்துவிட்டாள். மானிட்டரில் மறையவில்லை. மேட்டை அவள் தாண்ட, கேமராவும் கூடவே தாண்டியது. அந்தப் பக்கத்துச் சரிவு தெரிந்தது. ரோடு தெரிந்தது. வளைவில் எங்கள் வேன் தெரிந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை ஆட்டிக் கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் தெரிந்தார்.

"சே! எவன்யா வேன ஃப்ரேமுக்குள்ள நிறுத்துனது? நல்லா வந்துச்சு... கட்!" என்றார் டைரக்டர்.

யூனிட் முழுக்கக் கை தட்டியது. கேப்டன் தம்பி விசில் அடித்தான். மேனேஜர் தட்டவில்லை. கத்தவும் இல்லை. மீதி டீயைக் குடித்து முடித்து, கிளாஸை நாற்காலிக்கு அடியில் வைத்து, போனை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். போகும்போது அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கு வாயில் ஜெபம் வரவில்லை.

மீதியை வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். தோட்டம் அதே ரோட்டில் கீழே இருந்ததால், மேனேஜர் போன் போட்டதும் அங்கிருந்தே ஒரு வண்டி மேலே ஏறி வந்து ரோட்டை மறித்துவிட்டது. பின்னால் மேனேஜரின் ஜீப். அடிதடி ஒன்றும் இல்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து வேன் கதவைத் திறந்து, "வா தாயி, ஷூட்டிங் முடிஞ்சிருச்சு" என்று சொன்னாராம். அவள் இறங்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போனை அவள் காதில் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டாரு. எனக்கும் கேட்டுச்சு" என்றார் வீட்டுக்காரர். "'அம்மா, எங்கம்மா போற?'ன்னு ஒரு சின்னக் கொரலு. அம்புட்டுத்தான். கம்பிய விட்டுட்டு இறங்கிருச்சு. நான் என்னத்தச் செய்ய? நான் பிடிச்சு இழுக்க முடியுமா?"

அவரிடம் மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்று. "டூரிஸ்ட் வண்டிதானண்ணே இது? பெர்மிட்டெல்லாம் கரெக்டா இருக்குல்ல?"

சாயங்காலம் வளையங்களை எல்லாம் வெட்டி எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். காஸ்ட்யூமர் ஒன்று குறைகிறது என்றார். "அது வெளிலருந்து வரவழைச்ச லைட்டும்மா, தேடிப் பாருங்க" என்றார். அவள் கழுத்தோடு போய்விட்டது என்று சொன்னேன். கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். மறுநாள் வெள்ளனே அது திரும்பி வந்தது. பேப்பரில் சுற்றி, சேறு போகக் கழுவி, துடைத்து அனுப்பியிருந்தார்கள். பின்பக்கம் என் இரண்டு தையலும் அறுபட்டிருந்தன.

அதை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்காரச் சொல்லிக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால், "இது லோக்கல் விஷயம்மா. நாங்க வெளியூர்லருந்து வந்து பெர்மிஷன் வாங்கிப் படம் எடுக்குறோம். இதுல தலையிட முடியாது. நீங்க யாரையாச்சும் பெரியவங்களப் பாருங்க" என்றார். மனமார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அன்றைக்கே பூசணிக்காய் உடைத்து ஷூட்டிங்கை முடித்துக்கொண்டு போனார்கள்.

ஐயர் என்னோடு வந்தார். ஆபீசர்களும் வந்தார்கள், வரவில்லை என்று சொல்ல மாட்டேன். லயத்து வாசலில் சனம் முழுக்க வரிசையாக நின்றது, அன்று டைரக்டர் முன்னால் உட்கார்ந்த அதே வரிசை. நாங்கள் இஷ்டப்பட்டுத்தான் இங்கே இருக்கிறோம், ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்தப் பொக்கை வாய்ப் பெரியவரும் அதையே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் அங்கே இல்லை. அப்படி ஒருத்தி வேலையை விட்டு நின்று போய்விட்டாள் என்றார் மேனேஜர். அவள் இருந்த வீட்டில் ஆட்டுக்குத் தழை கட்டியிருந்தது.

யானை வீட்டைத் தேடி நானும் வீட்டுக்காரரும் பழனியில் தெருத்தெருவாக அலைந்தோம். பாலசமுத்திரம் வரைக்கும் போய்ப் பார்த்தோம். கோயில் மலை எல்லா மாடியிலிருந்தும் தெரிகிறது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டோம். கேட்டின் இரண்டு பக்கமும் சிமெண்டு யானை, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு. வீட்டு அம்மா மரியாதையானவர்கள். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள்.

"அந்தப் பொண்ணா? அதுவும் அவங்கம்மாவும் சேர்ந்தே இருக்கட்டும்னு எங்க சொந்தக்காரங்க எஸ்டேட்டுக்கு அனுப்பிச்சுட்டோம்மா. நாங்க பிள்ளை மாதிரிதான் வச்சிருந்தோம். இப்ப ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க."

"எந்த ஊருங்க?"

"கேரளா பக்கம். ஊர் பேரு எனக்கு வாய்ல வரல."

மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யார் காயப்போட்டார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சேர்ந்து இருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னதை நம்பலாமா என்று பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தோட்டத்தைத் தாண்டும்போது டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டிருக்கும்.

ஐயர் ஆறுதல் சொன்னார். தேவனுடைய வழிகள் நமக்குப் புரியாது என்றார். புரியாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது எனக்கு. பனி விலகாமல் இருந்திருந்தால் அந்த வண்டு பறந்திருக்காது. இருட்டோடு இருட்டாக, பனியோடு பனியாக வேறு ஒரு நாள் அவள் நடந்தே போயிருக்கலாம். நான் வெயிலைக் கேட்டேன். கேட்ட அளவு, கேட்ட நாளில், ஒரு துளி குறையாமல் கொடுத்தார். கொடுத்தவரிடம் போய் இப்போது நான் என்னவென்று கேட்பது? கோவிலில் மழைக்காகவும் வெயிலுக்காகவும் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது தலை குனிந்து நிற்கிறேன். வாய் திறப்பதில்லை. அவள் பேரை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பின்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படம் வந்தது. தியேட்டரில் ஓடவில்லை என்றார்கள். போனில் வந்தபோது என் மகள், "அம்மா, நீ தச்ச துணி வருது, வா வா" என்று என்னை இழுத்து உட்கார வைத்தாள். எங்கள் புல்வெளி ஊதா நிறத்தில் இருந்தது. வானத்தில் இரண்டு நிலா. மாடு நக்கிய இடம் தெரியாமல் கப்பல் பளபளத்தது. கேப்டன் கயிற்றை அறுத்து, "இனி நீங்க யாருக்கும் அடிமை இல்லை" என்றான். அவள் ஓடினாள். மேட்டைத் தாண்டினாள். அந்தப் பக்கம் ரோடு இல்லை, வேனும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு, ஒரு பெரிய ஆறும் ஆற்றங்கரையில் வெளிச்சமும் வைத்திருந்தார்கள். அவள் அதை நோக்கி இறங்கிப் போனாள். பாட்டு உயர்ந்தது.

"தப்பிச்சிருச்சும்மா!" என்று மகள் என் தொடையில் தட்டினாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை.

உச்சியில் அவள் திரும்பிப் பார்க்கிற இடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். விடுதலை கொடுத்த கப்பலை நன்றியோடு திரும்பிப் பார்க்கிற மாதிரி, அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்திருந்தார்கள். முகம் பெரிதாகத் தெரிந்தது. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே என்று நான் அத்தனை தடவை சொல்லியும் அவள் திரும்பியது அந்த இரைச்சலுக்குத்தான். இது என்ன, எதற்காக என் பின்னால் வருகிறது என்று கேட்கிற முகம் அது.

"இன்னொரு தடவ போடவாம்மா?" என்றாள் மகள்.

வேண்டாம் என்றேன்.